கள்ளுப் பானையை மொய்க்கும் குட்டி ஈ சொன்ன ரகசியம்: யார் இந்த தாமஸ் ஹன்ட் மார்கன்?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் துறைமுகத்தையும் கப்பலையும் ரயில்வேயையும் நம்பி வேலை தேடும் இளைஞர்கள் அதிகம். எழுத்துத் தேர்வு பாஸ், உடல் தகுதி ஓகே. ஆனா கடைசியில ஒரு டெஸ்ட் இருக்கு. கலர் கலரா புள்ளி வைச்ச ஒரு படத்தைக் காட்டி, அதுக்குள்ள என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்பாங்க. அதில் சிலர் வெளியே வந்துவிடுவார்கள்.

கப்பலின் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. ரயில் சிக்னலும் அப்படித்தான், சிவப்பும் பச்சையும். இந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு கப்பலின் மேல்தளத்திலோ ரயில் இன்ஜினிலோ வேலை கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி எழும். அப்பாவுக்கு இந்தக் குறை இல்லை. அம்மாவுக்கும் இல்லை. அக்கா, தங்கச்சிக்கும் இல்லை. அப்போ இவனுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கான பதிலுக்கு வழி காட்டியது ஒரு குட்டி ஈ. 1910ஆம் ஆண்டு, நியூயார்க்கில், ஒரு பால் பாட்டிலுக்குள் இருந்த ஈ. அதைக் கவனித்தவர் தாமஸ் ஹன்ட் மார்கன். அவருடைய கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எந்த ஈ இது?

வாழைப்பழம் கொஞ்சம் அதிகமாகக் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து சுற்றுமே, அந்த ஈதான். நீளம் 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் சிவப்புக் கண்கள். பழக்கடை, ஜூஸ் கடை, குப்பைத்தொட்டி என எல்லா இடத்திலும் இருக்கும்.

இதன் அறிவியல் பெயர் டிரோசோபிலா. பனித்துளியை விரும்புவது என்று பொருள். ஆனால் உண்மையில் இது விரும்புவது பனித்துளியை அல்ல, புளிப்பை. சர்க்கரை உள்ள எதுவும் புளிக்கத் தொடங்கினால் அதில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் பெருகும். அந்த ஈஸ்ட்தான் இந்த ஈயின் சாப்பாடு. புளிப்பு வாசனையை மோந்து வந்து, அங்கேயே முட்டை போடும். முட்டையிலிருந்து வரும் புழுவும் அதையே தின்று வளரும்.

பழம் மட்டும்தான் என்றில்லை. இந்த ஈக் குடும்பத்தின் பல இனங்கள் மரத்தின் சாற்றை நம்பி வாழ்கின்றன. மரத்தில் அடிபட்ட இடத்திலிருந்தோ பட்டை வெடித்த இடத்திலிருந்தோ சாறு வடியும். அது புளித்து, நுரைத்து, அழுகத் தொடங்கும்போது ஈக்கள் வந்துவிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு என ஒரு தலைமுறையே அந்தக் கசிவில் வளர்ந்து பறக்கும்.

நம்ம ஊர் உதாரணம் பனைமரம். பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே புளித்து கள் ஆகிவிடும். புளித்த கள்ளில் குட்டி ஈக்கள் விழுந்து மிதப்பதைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அதே கூட்டம்தான் இது.

ஒரு சின்ன குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மாம்பழத்தை வெட்டினால் உள்ளே நெளியும் புழு இந்த ஈயோடது இல்லை. நல்ல பழத்தையே துளைத்து முட்டை வைக்கும் அந்தப் பழ ஈ வேறு குடும்பம், அளவிலும் பெரியது. நாம் பேசும் ஈக்கு அழுகியதும் புளித்ததும்தான் வேண்டும்.

மார்கன் வளர்த்த இனத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மனிதர்களோடும், கப்பல்களில் போன பழங்களோடும் சேர்ந்து அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

போரில் எல்லாம் இழந்த குடும்பம்

மார்கன் பிறந்தது 1866 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் நகரில். உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அடிமை முறையைக் காப்பாற்றப் போராடிய தெற்கு மாநிலங்களின் பக்கம் நின்றது அவருடைய குடும்பம். பெரியப்பா ஜான் ஹன்ட் மார்கன், தெற்குப் படையின் பிரபலமான தளபதி. தெற்கு தோற்றது. குடும்பத்தின் செல்வாக்கும் சொத்தும் சரிந்தன.

அம்மா வழியில் இன்னொரு பெருமை. அமெரிக்க தேசிய கீதத்தை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ, மார்கனின் அம்மாவுக்குத் தாத்தா முறை.

பழைய பெருமை பேசும் வீட்டில் வளர்ந்த பையனுக்கு அதில் ஆர்வமே இல்லை. காடு, மலை, ஓடை என்று சுற்றி பறவை முட்டைகளையும் புதைபடிவங்களையும் சேகரித்துக் கொண்டிருந்தார். உள்ளூர் கல்லூரியில் 1886ல் பட்டம் பெற்றார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1890ல் முனைவர் பட்டம். ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? கடல் சிலந்தி. அப்போது ஈ அவர் கணக்கிலேயே இல்லை.

பெண்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர்

1891ல் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். உயர்கல்விக்குள் பெண்களை விடுவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. அங்கே அவருடைய வாழ்க்கையைத் தொட்ட இரண்டு பெண்கள் மாணவிகளாக வந்தார்கள்.

ஒருவர் லிலியன் சாம்ப்சன். உயிரியல் ஆய்வாளர். 1904ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். நான்கு குழந்தைகள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு லிலியன் மறுபடியும் ஆய்வகத்துக்கு வந்து, சம்பளப் பதவி எதுவும் இல்லாமலே ஈ ஆராய்ச்சி செய்தார். இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஈயைக் கண்டுபிடித்தது அவர்தான். ஈ ஆய்வாளர்கள் பல காலம் பயன்படுத்திய கருவி அது.

இன்னொருவர் நெட்டி ஸ்டீவன்ஸ். மாவில் வளரும் வண்டுகளின் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, 1905ல் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஆண் வண்டின் விந்தணுக்களில் பாதி ஒரு பெரிய குரோமோசோமையும், மீதிப் பாதி ஒரு சின்ன குரோமோசோமையும் சுமக்கின்றன. பெரியது சேர்ந்தால் பெண், சின்னது சேர்ந்தால் ஆண். இன்றைக்கு நாம் எக்ஸ், ஒய் என்று சொல்வது இதைத்தான்.

பொம்பளப் புள்ளையா பெத்துப் போடுறா என்று மருமகளைத் திட்டும் வீடுகளுக்கு அறிவியல் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது. குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவிடமிருந்து வரும் விந்தணு. அம்மாவிடமிருந்து வருவது எப்போதும் எக்ஸ்தான்.

ஸ்டீவன்ஸ் 1912ல், 50 வயதில், புற்றுநோயால் இறந்தார். அவருடைய ஆய்வுகளைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுதியவர் மார்கன். ஆனால் 1905ல் அந்தக் கண்டுபிடிப்பை மார்கனே உடனே ஏற்கவில்லை.

எதையும் நம்பாத மனுஷன்

இங்கேதான் மார்கன் கதையின் முக்கியமான ட்விஸ்ட். மரபியலின் தந்தைகளில் ஒருவர் என்று இன்று கொண்டாடப்படும் அவர், ஆரம்பத்தில் மரபியலை நம்பவே இல்லை.

பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் கண்ட விதிகள் 1900ல் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தன. உயரம், நிறம் போன்ற குணங்களைத் தலைமுறை தலைமுறையாக ஏதோ ஒரு காரணி கடத்துகிறது என்பது மெண்டலின் கணக்கு. அந்தக் காரணிகள் செல்லுக்குள் இருக்கும் நூல் போன்ற குரோமோசோம்களில்தான் இருக்க வேண்டும் என்று 1902, 1903 வாக்கில் வால்டர் சட்டன், தியோடர் போவரி போன்றவர்கள் சொன்னார்கள்.

மார்கன் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்க்காத காரணியை வைத்துக்கொண்டு, எந்த முடிவு வந்தாலும் அதற்கேற்ப விளக்கம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று 1909ல் கடுமையாக விமர்சித்தார். குரோமோசோம் கொள்கையும் அவருக்குப் பிடிக்கவில்லை. சோதனை செய்து காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்பதுதான் அவர் நிலை.

அவருக்கு எதிராக அவரே சோதனை செய்து காட்டப் போகிறார் என்பது அப்போது அவருக்கே தெரியாது.

ஈக்கள் குடியிருந்த அறை

1904ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார் மார்கன். எலி, புறா என்று பலவற்றையும் வளர்த்துப் பார்த்துக் கொண்டிருந்த அவரது ஆய்வகத்துக்குள் 1908 வாக்கில் ஈ நுழைந்தது. இந்த ஈயை முதலில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் அவர் இல்லை. ஹார்வர்டில் ஏற்கெனவே வளர்த்து வந்தார்கள். ஆனால் ஈயின் வசதியை முழுசாகப் புரிந்துகொண்டது மார்கன் குழுதான்.

ஏன் ஈ?

செலவு இல்லை: அழுகின வாழைப்பழம் போதும்.

இடம் வேண்டாம்: ஒரு பால் பாட்டிலில் நூற்றுக்கணக்கில் வளரும்.

வேகம்: முட்டையிலிருந்து பெரிய ஈயாக 10 நாள்தான். மனிதனில் ஒரு தலைமுறை பார்க்க 25 வருஷம் காத்திருக்கணும். ஈயில் ஒரு வருஷத்தில் 30 தலைமுறைக்கு மேல் பார்த்துவிடலாம்.

எளிமை: மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். ஈக்கு வெறும் 4 ஜோடி.

அறை எண் 613. சுமார் 16 அடிக்கு 23 அடி. அதற்குள் எட்டு மேஜைகள். பழம் அழுகும் நாற்றம், ஓடித் திரியும் கரப்பான்பூச்சி, அலமாரி முழுக்க பாட்டில்கள். ஈயை ஈதர் கொடுத்து மயக்கி, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணுவார்கள். இந்த அறைக்கு ஈ அறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மார்கன் தேடியது திடீர் மாற்றம். ஈக்களைச் சூடாக்கினார், குளிரவைத்தார், ரசாயனம் கொடுத்தார், கதிர்வீச்சில் வைத்தார். பெரிசா ஒண்ணும் நடக்கலை. பார்க்க வந்த நண்பரிடம், இரண்டு வருஷம் வீணாகப் போய்விட்டதே என்று புலம்பும் நிலைக்கு வந்துவிட்டார்.

ஒரே ஒரு வெள்ளைக் கண்

1910. சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒரு பாட்டிலில் ஓர் ஆண் ஈ மட்டும் வெள்ளைக் கண்ணோடு இருந்தது.

அந்த ஈயை மார்கன் இரவில் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்றும், பிரசவமான மனைவியைப் பார்க்கப் போனபோது குழந்தையைவிட ஈயின் நலம் பற்றித்தான் பேச்சு நடந்தது என்றும் ஆய்வாளர்கள் மத்தியில் ஒரு கதை உண்டு. தேதிகள் சரியாகப் பொருந்தாததால் அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒற்றை ஈ எவ்வளவு பொக்கிஷமாக இருந்தது என்பது மட்டும் நிஜம்.

அந்த வெள்ளைக் கண் ஆணைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தார் மார்கன். பிறந்த பிள்ளைகள் 1,237. எல்லாம் சிவப்புக் கண். இடையில் வந்த மூன்று வெள்ளைக் கண் ஈக்களைப் புதிதாக நடந்த மாற்றம் என்று ஒதுக்கிவைத்தார்.

அடுத்து, அந்தப் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தார். பேரப்பிள்ளைகள் வந்தன. எண்ணிப் பார்த்தால்:

சிவப்புக் கண் பெண்: 2,459

சிவப்புக் கண் ஆண்: 1,011

வெள்ளைக் கண் ஆண்: 782

வெள்ளைக் கண் பெண்: ஒன்றுகூட இல்லை

தாத்தாவிடம் இருந்த வெள்ளைக் கண், பிள்ளைகளிடம் காணாமல் போய், பேரன்களிடம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. பேத்திகளிடம் வரவில்லை.

வெள்ளைக் கண் பெண் ஈயால் உயிரோடு இருக்கவே முடியாதோ என்றும் சோதித்தார். முதல் வெள்ளைக் கண் ஆணை அதன் மகள்களோடு சேர்த்துப் பார்த்தார். இப்போது வெள்ளைக் கண் பெண்களும் பிறந்தன. ஆக, பெண்ணுக்கும் வரலாம். ஆனால் அதற்கு அம்மா, அப்பா இரண்டு பக்கமிருந்தும் அந்தக் குணம் வந்தாக வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்தியது. கண் நிறத்தைத் தீர்மானிக்கும் காரணி, ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் எக்ஸ் குரோமோசோமோடு சேர்ந்தே பயணிக்கிறது. குரோமோசோம் கொள்கையை நம்பாத மனிதரின் சொந்தப் பாட்டிலிலேயே அந்தக் கொள்கைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

மார்கன் வீம்பு பிடிக்கவில்லை. 1910 ஜூலையில் முடிவுகளை வெளியிட்டார். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மெண்டல் பக்கமும் குரோமோசோம் பக்கமும் முழுசாக வந்துவிட்டார். வந்ததோடு நிற்கவில்லை, அந்தக் கொள்கையை உலகம் முழுக்க நிலைநிறுத்தியதும் அவர்தான்.

கலர் டெஸ்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். ஈயின் வெள்ளைக் கண் எப்படிக் கடத்தப்படுகிறதோ, கிட்டத்தட்ட அதே வழியில்தான் மனிதர்களில் சிவப்பு பச்சை நிறக்குருடும் கடத்தப்படுகிறது. 1911லேயே மார்கனின் சக பேராசிரியர் எட்மண்ட் வில்சன், நிறக்குருடுக்கான காரணி எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகச் சொன்னார். ரத்தம் உறையாமல் போகும் ஹீமோபிலியா நோயும் இதே வழிதான்.

எளிமையா பார்க்கலாம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் குறை இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும். அதனால் அவருக்குக் குறை வெளியே தெரியாது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ். அது அம்மாவிடமிருந்துதான் வரும். அதில் குறை இருந்தால் மாற்று கிடையாது.

* குறையைச் சுமக்கும் அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் குறை வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமப்பவராக இருக்க 50 சதவீத வாய்ப்பு.

* நிறக்குருடு உள்ள அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகாது. மகனுக்கு அவர் தருவது ஒய் மட்டும்தான்.

* ஆனால் அவருடைய எல்லா மகள்களும் அதைச் சுமப்பார்கள். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருவது இப்படித்தான்.

அதனால்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இல்லாதது மகனுக்கு வருகிறது. தாய்வழித் தாத்தாவையோ தாய்மாமனையோ விசாரித்துப் பார்த்தால் சில சமயம் விடை கிடைக்கும். இதில் அம்மா மேல் பழி போட ஒன்றுமே இல்லை. எந்த எக்ஸ் போகும் என்பது யார் கையிலும் கிடையாது. நாணயத்தைச் சுண்டுவது மாதிரிதான்.

ஒரு நடைமுறை விஷயம்: கப்பல் படிப்புக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன்பே கண் மருத்துவரிடம் இந்த நிறப் பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. சில நிமிஷ வேலைதான்.

நிறம் தெரியாதவர் போட்ட வரைபடம்

ஈ அறையின் வெற்றி மார்கன் ஒருவருடையது மட்டும் அல்ல. அங்கே வேலை செய்த இளைஞர்கள் கூட்டம் ஒன்று இருந்தது.

கால்வின் பிரிட்ஜஸ், பாட்டில் கழுவும் வேலைக்கு வந்த மாணவர். கழுவ வேண்டிய பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே வித்தியாசமான கண் நிறம் கொண்ட ஓர் ஈயைக் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு கூர்மையான கண். பிற்காலத்தில், 1916ல், மரபணுக்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்பதற்கு உறுதியான நிரூபணம் கொடுத்தது அவர்தான்.

ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் இதற்கு நேர் எதிர். அவருக்கு நிறக்குருடு. கண் நிறத்தை வைத்தே ஈயைப் பிரிக்கும் ஆய்வகத்தில், நிறங்களைச் சரியாகப் பிரிக்க முடியாத ஒருவர்! இன்றைய கப்பல் வேலை டெஸ்டில் அவர் தேறியிருக்க மாட்டார்.

ஆனால் நடந்தது என்ன? 1911ல் கல்லூரி மாணவராக இருந்தபோது ஒரு நாள் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தார். குணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போகும் விகிதம் பற்றிய பேச்சு அது. குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே போகும், தூரத்தில் இருப்பவை அடிக்கடி பிரியும். அப்படியானால் எவ்வளவு பிரிகிறது என்பதை வைத்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாமே என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இரவோடு இரவாக உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டார். அது 1913ல் வெளியானது. அவர் வரைந்தது எந்தக் குரோமோசோமை? எக்ஸ் குரோமோசோமை. மனிதர்களில் அவருடைய குறையைச் சுமக்கும் அதே குரோமோசோம்.

மூன்றாவது ஆள் ஹெர்மன் முல்லர். இவருக்கும் மார்கனுக்கும் கொஞ்சம் உரசல். தன் யோசனைகளுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற வருத்தம் முல்லருக்குக் கடைசி வரை இருந்தது. எக்ஸ்ரே கதிர்கள் மரபணுவை மாற்றும் என்று 1927ல் காட்டிய அவருக்கு 1946ல் தனியாக நோபல் கிடைத்தது.

இந்த நால்வரும் சேர்ந்து 1915ல் வெளியிட்ட புத்தகம்தான் நவீன மரபியலுக்கு அடித்தளம். மாணவர்களின் பெயரையும் சேர்த்தே அட்டையில் போட்டார் மார்கன். அந்தக் காலத்துப் பேராசிரியர்களில் அது சாதாரணம் இல்லை.

இனத் தூய்மை பேசியவர்களிடமிருந்து விலகியவர்

அதே காலத்தில் அமெரிக்காவில் ஆபத்தான ஒரு கூட்டம் வளர்ந்து கொண்டிருந்தது. ஏழ்மை, குற்றம், அறிவுக்குறைவு எல்லாமே ரத்தத்தில் வருவது, அப்படிப்பட்டவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று பேசியவர்கள் அவர்கள். பல மாநிலங்களில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களே வந்துவிட்டன. பிறகு ஜெர்மனியின் நாஜிகள் இதை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பது உலகத்துக்கே தெரியும்.

அவர்களுக்கு மார்கனின் ஆய்வு வசதியான ஆயுதமாக இருந்திருக்கும். ஆனால் அவர் அந்தப் பக்கம் சாயவில்லை. ஈயின் கண் நிறத்தைச் சொல்வதற்கே ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கிறது. மனிதனின் குணத்தில் வளர்ப்பு எவ்வளவு, சூழல் எவ்வளவு என்று பிரிக்காமல் பிறப்பின் மேல் பழி போடுவது அறிவியல் ஆகாது என்பதே அவர் நிலை. 1920களில் எழுதிய புத்தகத்தில் இதை வெளிப்படையாகவே பதிவு செய்தார்.

நோபல் வந்தது, போகவில்லை

1927ல் கலிபோர்னியாவுக்கு அழைப்பு வந்தது. கால்டெக் நிறுவனத்தில் உயிரியல் துறையைப் புதிதாக உருவாக்க வேண்டும். 62 வயதில் ஆய்வகம், பாட்டில், ஈ, ஆட்கள் எல்லாவற்றோடும் இடம் மாறினார்.

1933ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. மரபியலுக்காகக் கொடுக்கப்பட்ட முதல் நோபல் அது. டிசம்பரில் நடந்த விழாவுக்கு மார்கன் போகவில்லை. வேலை இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம்தான் ஸ்டாக்ஹோம் போய் உரையாற்றினார்.

பரிசுப் பணத்தை என்ன செய்தார் தெரியுமா? தன் பிள்ளைகளோடு, ஸ்டர்டிவன்ட், பிரிட்ஜஸ் இருவருடைய பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தார். ஆய்வகச் செலவில் ஒரு பைசாவுக்குக் கணக்குப் பார்க்கும் மனுஷன், சொந்தப் பணத்தில் தாராளமாக இருந்தார்.

மறுபடியும் மரத்துக்கு

ஈ அறைக்கு 1927ல் சோவியத் நாட்டிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் தியோடோசியஸ் டொப்ஜான்ஸ்கி. பாட்டிலுக்குள் இருக்கும் ஈயை விட்டுவிட்டு, காட்டில் பறக்கும் ஈயைப் பார்க்கலாம் என்று கிளம்பியவர் அவர். மேற்கு அமெரிக்க மலைக் காடுகளில் பொறி வைத்து ஈ பிடித்தார். ஒரே இன ஈக்கள் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மரபணு அளவில் மாறுவதைக் கண்டார். பரிணாமம் என்பது பழைய எலும்புகளில் மட்டும் இல்லை, கண் முன்னாலும் நடக்கிறது என்று அவர் காட்டினார்.

அந்தக் காட்டு ஈக்கள் எங்கே முட்டை போடுகின்றன என்பது பல காலம் பிடிபடவில்லை. காட்டில் வாழைப்பழம் கிடையாதே! 1951ல் ஹாம்ப்டன் கார்சன் என்ற ஆய்வாளர் பதில் சொன்னார்: ஓக் மரங்களில் புளித்து வடியும் சாற்றில். அந்தக் கசிவில் ஈஸ்ட் இருந்தது, ஈயின் புழுக்களும் இருந்தன.

இந்தியாவுக்கு வந்த மார்கன் பெயர்

குரோமோசோமில் மரபணுக்களுக்கு இடையிலான தூரத்துக்கு ஓர் அளவு வேண்டுமே? அதற்கு மார்கன் என்ற பெயரை 1919ல் முன்மொழிந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். சென்டிமீட்டர் மாதிரி சென்டிமார்கன். இன்றைக்கும் புது நெல் ரகம் உருவாக்குபவர்களும், டிஎன்ஏ சோதனையில் உறவு தேடுபவர்களும் பயன்படுத்தும் அளவு இதுதான்.

அதே ஹால்டேன்தான் ஜூலியா பெல்லோடு சேர்ந்து 1937ல், நிறக்குருடு மரபணுவும் ஹீமோபிலியா மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் அருகருகே இருப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஈயில் ஸ்டர்டிவன்ட் செய்ததை மனிதனில் செய்து பார்த்தார்கள். ஹால்டேன் 1957ல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரில் இறந்தார்.

மைசூர் பல்கலைக்கழகத்தில் இந்த ஈக்களுக்கென்றே ஒரு சேமிப்பு மையம் இயங்குகிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபெய்த் சித்திக்கி, ஈயின் நரம்புகளையும் மோப்ப சக்தியையும் ஆராய்ந்தார். பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் உருவாக அவரே காரணம்.

கடைசிக் காலம்

ஈயால் உலகப் புகழ் பெற்ற மார்கன், கடைசி வருஷங்களில் திரும்பிப் போனது கடலுக்கு. கலிபோர்னியா கரையில் இருந்த ஆய்வு நிலையத்தில் கடல் உயிரிகளின் கருவை ஆராய்ந்து கொண்டிருந்தார். 1945 டிசம்பர் 4 அன்று, 79 வயதில், பசடேனாவில் காலமானார்.

அவர் போன பிறகும் ஈயின் வேலை நிற்கவில்லை. 1995, 2011, 2017 என்று ஈ ஆராய்ச்சிக்கு நோபல்கள் தொடர்ந்தன. 2017ல் கிடைத்தது, நம் உடலுக்குள் ஓடும் தூக்க விழிப்புக் கடிகாரத்தைப் பற்றிய ஆய்வுக்கு. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் 75 சதவீதத்துக்கு ஈயிலும் இணையான மரபணுக்கள் உண்டு. புற்றுநோய், நரம்புத் தளர்ச்சி நோய்கள் என இன்றும் பல ஆய்வுகள் ஈயில்தான் தொடங்குகின்றன.

மார்கன் 1909ல் நினைத்ததையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், 1910ல் வந்த அந்த வெள்ளைக் கண்ணை ஏதோ கோளாறு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. தனக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளை ஈக்களை ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணிக்கை சொன்னதை ஏற்றுக்கொண்டார்.